யாருமில்லை என்று அவனைச் சொல்ல விடாதே!

நேற்றுவரை உன்னோடு ஒரே அறையில் பாய் விரித்தவன். ஷிப்ட் முடிந்து நீ வரும்வரை உன் பங்குச் சோற்றை மூடி வைத்துக் காத்திருந்தவன். இன்று குடிவரவு அதிகாரிகள் அவனைக் கூட்டிக்கொண்டு போய்த் தடுப்பு முகாமில் அடைத்துவிட்டார்கள். விசா முடிந்துவிட்டதாம். அகதி மனு தள்ளுபடியாம். விமானத்தில் ஏற்றி அனுப்பப் போகிறார்களாம்.

உடனே உன் மனசு என்ன சொல்கிறது? ‘நான் யார்? எனக்கு இங்கிலீஷே தடுமாறும். கையில் நாலு காசு கிடையாது. பெரிய இடத்தில் தெரிந்த ஆள் கிடையாது. ஓர் அரசாங்கத்தோடு மல்லுக்கட்ட என்னால் ஆகுமா?’

ஆகும்! அதற்குச் சாட்சி இருக்கிறது. ஊர் பெயரோடு, தேதியோடு இருக்கிறது. கேள்.

ஒரு சின்ன ஊரின் விடாப்பிடி

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் பிலோயிலா என்றொரு ஊர். மக்கள் ஆறாயிரம் பேர் இருந்தால் அதிகம். நிலக்கரிச் சுரங்கம், மின்நிலையம், இறைச்சித் தொழிற்சாலை, இவைதாம் ஊரின் பிழைப்பு. 2012, 2013 ஆண்டுகளில் தனித்தனிப் படகுகளில் ஆஸ்திரேலியா வந்து சேர்ந்த ஈழத் தமிழர் இருவர், நடேசும் பிரியாவும், கல்யாணம் செய்துகொண்டு அங்கே குடியிருந்தார்கள். நடேசுக்கு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. பிரியா கறி சமைத்து ஊர் ஆஸ்பத்திரி டாக்டர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். பெண் குழந்தைகள் இரண்டும் அந்த நாட்டிலேயே பிறந்தன.

2018 மார்ச் 5. விடிகாலை ஐந்து மணிவாக்கில் எல்லைப் படையினர் கதவைத் தட்டினார்கள். பிரியாவின் தற்காலிக விசா முந்தின நாள்தான் முடிந்திருந்தது. மூட்டை கட்டப் பத்தே நிமிடம். இளைய குழந்தைக்கு ஒன்பது மாதம் நிரம்பவில்லை. நாலு பேரையும் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் மெல்போர்ன் தடுப்பு முகாமில் கொண்டுபோய் வைத்தார்கள்.

ஊர் என்ன செய்தது? அங்கே யாரும் கொடி பிடித்துப் பழகியவர்கள் கிடையாது. பழமைவாதக் கட்சிக்கே ஓட்டுப் போட்டு வந்த தொகுதி அது. சமூகப் பணியாளரான ஆஞ்செலா பிரெடெரிக்ஸும் தோழிகள் சிலரும் ஒன்று கூடினார்கள். எங்கள் ஊர்க் குடும்பத்தை எங்கள் ஊருக்கே திருப்பி அனுப்புங்கள் என்று ஒரு மனு போட்டார்கள். அவ்வளவுதான் தொடக்கம். போகப்போக அந்த மனுவில் கையெழுத்திட்டவர்கள் ஐந்து லட்சத்தைத் தாண்டினார்கள்!

2019 ஆகஸ்ட் 29 இரவு, நாலு பேரையும் விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். சேதி வெளியே வந்ததும் ஆதரவாளர்கள் மெல்போர்ன் விமான நிலையத்துக்கு ஓடினார்கள். வழக்கறிஞர்கள் நீதிபதியைப் பிடித்தார்கள். விமானம் மேலே ஏறிவிட்டது. நீதிபதி போனிலேயே தடை உத்தரவு போட்டார். இலங்கைக்குப் போக வேண்டிய விமானம் டார்வினில் இறங்கியது! அத்தோடு விட்டார்களா? குடும்பத்தைத் தூக்கிக் கடலுக்கு நடுவே கிறிஸ்துமஸ் தீவில் வைத்தார்கள். 2021 ஜூனில் சின்னவள் ரத்தத்தில் தொற்று ஏறிப் பெர்த் ஆஸ்பத்திரிக்கு அவசரமாகக் கொண்டுவரப்பட்டாள். இடையில் நீதிமன்றப் படிகளில் எத்தனையோ தோல்விகள்.

பிலோயிலா பிடியை விடவில்லை. 2022 மே மாதத் தேர்தலில் ஆட்சி மாறியது. ஜூன் 10 அன்று அந்தக் குடும்பம் ஊர் திரும்பியது. இரண்டு நாள் கழித்துச் சின்னவளுக்கு ஐந்தாவது பிறந்தநாள். அதற்கு முன் வந்த பிறந்தநாள் அத்தனையும் காவலில் கழிந்தவை. ஆகஸ்டில் நிரந்தர விசாவும் கைக்கு வந்தது.

‘ஆட்சி மாறியது, விட்டார்கள், இதில் ஊர் செய்தது என்ன’ என்கிறாயா? ஆட்சி மாறும் நாள்வரை அந்தக் குடும்பத்தை நாட்டைவிட்டுப் போகாமல் பிடித்து நிறுத்தியது யார்? நாலு வருடம் மூன்று மாதம் அவர்கள் பெயர் மறந்துபோகாமல் காத்தது யார்? தேர்தலில் நின்றவர்கள் பதில் சொல்லியே தீர வேண்டிய கேள்வியாக அதை மாற்றியது யார்? இறைச்சி வெட்டுகிற கைகளும் ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிற கைகளும்தான்! அந்தக் கைகளுக்கு இருந்த பலம் உன் கைக்கு இல்லையா?

அங்கே பூட்டின் பெயர் தனிமை

உன் நண்பன் மாட்டிக்கொண்டிருப்பது எதில் என்று முதலில் புரிந்துகொள். தண்டனைக் கைதிக்கு விடுதலைத் தேதி உண்டு. அவன் சுவரில் கோடு போட்டு நாளைக் கழிக்கலாம். குடிவரவுக் காவல் தண்டனைக் கணக்கில் வராது. அது நிர்வாக நடவடிக்கை. அதனாலேயே பல நாடுகளில் அதற்கு முடிவுத் தேதி கிடையாது. ஆஸ்திரேலியாவில் 1994 முதல் விசா இல்லாதவரைக் கட்டாயம் அடைக்க வேண்டும் என்பது சட்டம். பிரிட்டனில் இத்தனை நாள்தான் வைக்கலாம் என்ற பொதுவான வரம்பே இல்லை. அமெரிக்கக் குடிவரவு நீதிமன்றத்தில் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு, ஆனால் அரசு செலவில் வக்கீல் கிடையாது.

தேதி தெரியாமல் உட்கார்ந்திருப்பவனுக்கு உடம்புக்கு முன்னால் நம்பிக்கை உடைகிறது. நம்பிக்கை உடைந்தவன் என்ன செய்வான்? நீட்டிய தாளில், வாசித்துப் பார்க்காமல், ‘நானே திரும்பிப் போகிறேன்’ என்று கையெழுத்துப் போடுவான். உயிருக்குப் பயந்து ஓடி வந்தவன், அதே உயிர் போனாலும் பரவாயில்லை என்று போடுவான்!

அந்த ஒரு நிமிடத்தில் அவன் நினைவுக்கு வர வேண்டிய முகம் உன்னுடையது. ‘பொறு, நாளைக்கு அவன் போன் எடுப்பான், கேட்டுவிட்டுப் போடலாம்’ என்று அவன் பேனாவைக் கீழே வைக்க வேண்டும். உன் ஆங்கிலமும் உன் வங்கி இருப்பும் செய்ய முடியாத வேலை இது. நீ இருக்கிறாய் என்பது செய்யும்!

அழுதது போதும், ஆளைக் கண்டுபிடி

அழு, வேண்டாம் என்று சொல்லவில்லை. அழுதுகொண்டே வேலை பார்.

முதல் வேலை, எந்த முகாமில் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது. சொல்லாமல் கொள்ளாமல் ஊர்விட்டு ஊர் மாற்றுவார்கள். நேற்று இருந்த இடத்தில் இன்று இருக்க மாட்டான். அவனுடைய கோப்பு எண் என்ன என்று அவன் முதல் முறை போன் பண்ணும்போதே கேட்டு எழுதிக்கொள். அமெரிக்காவில் அது ஒன்பது இலக்க எண். அந்த எண்ணும் பிறந்த நாடும் தெரிந்தால் இணையத்திலேயே ஆளைத் தேடலாம்.

எண் இல்லாமல் பெயரை வைத்துத் தேடப் போனால் நம் பெயர்களே வில்லங்கம் பண்ணும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயர் முன்னால், நம் பெயர் பின்னால். அவர்களுடைய கணினியில் அது முன்பின்னாக ஏறியிருக்கும். ஓர் அதிகாரி அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார், இன்னொருவர் மகனுடைய பெயரைச் சொல்லுவார். ழகரத்தை ஒருத்தர் ‘எல்’ போட்டு எழுதியிருப்பார், ஒருத்தர் ‘இசட்’ போட்டு எழுதியிருப்பார். ‘அப்படி ஓர் ஆளே இல்லை’ என்று பதில் வந்தால் போனை வைத்துவிடாதே! பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படி ஓர் எழுத்துத் தவறாமல் சொல். பிறகு பெயரைப் புரட்டிச் சொல். பிறந்த தேதியைச் சொல். இல்லை என்ற ஆளை இருக்கிறான் என்று சொல்ல வை!

காகிதத்தைக் கையில் எடு

அரசாங்கம் பேசுவது காகிதத்தில். நீயும் காகிதத்தில் பேசு. கடையில் ஒரு ஃபைல் வாங்கு. பாஸ்போர்ட் நகல், பழைய விசா, அகதி மனு, மறுப்புக் கடிதம், ஆஸ்பத்திரிச் சீட்டு, வேலை பார்த்த இடத்துச் சம்பளச் சீட்டு, எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கு. மறுப்புக் கடிதம் கைக்கு வந்த தேதியைக் கொட்டை எழுத்தில் எழுதி மேலே ஒட்டு. மேல்முறையீட்டுக்கு நாள் கணக்கு உண்டு. நியாயம் முழுக்க உன் நண்பன் பக்கம் இருந்தாலும் நாள் தவறினால் கதவு சாத்தப்படும். எத்தனையோ நல்ல கேஸ்கள் இப்படித்தான் செத்திருக்கின்றன.

அடுத்தது லோயர். ‘எனக்கு உள்ளே ஆள் தெரியும், இவ்வளவு கொடு, வெளியே எடுத்துவிடுகிறேன்’ என்று ஒருவன் வருவான். நம் சாதிசனத்திலிருந்தே வருவான். அவனை வாசலோடு அனுப்பு! ஆஸ்திரேலியாவில் குடிவரவு ஆலோசனை சொல்பவர் வழக்கறிஞராகவோ பதிவு பெற்ற முகவராகவோ இருக்க வேண்டும். பிரிட்டனிலும் அப்படியே. பதிவு எண்ணைக் கேள். பட்டியலில் பார். பணம் கொடுத்தால் ரசீது வாங்கு. கையில் பணமில்லையா? இலவசச் சட்ட உதவி மையங்களின் கதவைத் தட்டு. தடுப்பு முகாமில் இருப்பவர்களுக்கென்றே வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே கூட்டம் அதிகம், வரிசை நீளம். நில்!

பிணைக்கு வழி இருக்கிறதா என்று கேள். கனடாவைப் பார். அங்கே காவலில் வைத்தால் 48 மணி நேரத்துக்குள் ஒரு மறுஆய்வு, அடுத்த 7 நாளுக்குள் ஒன்று, அதற்குப் பிறகு 30 நாளுக்கு ஒரு தடவை. ஒவ்வொரு மறுஆய்வும் ஒரு வாசல். 2010 ஆகஸ்டில் ‘சன் சீ’ கப்பலில் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரைக்கு வந்த 492 தமிழர்களும் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்த மறுஆய்வுகளில் ஏறி இறங்கித்தான் வெளியே வந்தார்கள். மறுஆய்வில் நண்பன் ஒருவன் எழுந்து நின்று, ‘வெளியே விட்டால் என் வீட்டில் தங்குவான், இது என் விலாசம், கூப்பிட்ட நாளில் கொண்டுவந்து நிறுத்துவேன், இது பிணைப்பணம்’ என்று சொன்னால் அந்தப் பேச்சுக்கு எடை உண்டு. பிரிட்டனிலும் பிணை விசாரணையில் இப்படித் துணை நிற்க ஆள் இருந்தால் உதவும். வாடகை ஒப்பந்தத்தையும் வங்கிக் கணக்குத் தாளையும் எடுத்துக்கொண்டு போய் நில். அன்றைக்கு நீ சாதாரண ஆள் இல்லை. அவனுக்கு விலாசம் நீ!

போய் முகத்தைக் காட்டு!

‘போனால் என்னையும் பிடித்துவிடுவார்களோ?’ நியாயமான பயம். உன் விசாவும் சிக்கலில் இருந்தால் நீ முகாம் வாசலுக்குப் போகாதே. அடையாள அட்டை காட்டாமல் உள்ளே விட மாட்டார்கள். நீ போனில் இரு. விசா உள்ள ஒருவரை அனுப்பு. கோயிலில், சர்ச்சில், தமிழ்ச் சங்கத்தில், கிரிக்கெட் விளையாடும் மைதானத்தில் அப்படி ஒருவர் கிடைக்காமலா போவார்? வீரம் என்பது மாட்டிக்கொள்வதில் இல்லை.

உன் காகிதம் சரியாக இருந்தால், போ! முன்கூட்டியே விண்ணப்பம் போடு. விதிகளைக் கேட்டுக்கொள். ஆசையாய்ப் புட்டும் கறியும் கட்டிக்கொண்டு போனால் பல முகாம்களில் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். கடையில் விற்கும் சீல் பிரிக்காத பாக்கெட்டைத்தான் விடுவார்கள். இன்று விட்டதை அடுத்த வாரம் விட மாட்டார்கள். வாசலில் நிற்கிற காவலரோடு சண்டை பிடித்து அன்றைய சந்திப்பைக் கெடுத்துக்கொள்ளாதே. உன் கோபத்தைப் புகார்க் கடிதமாக எழுது. உள்ளே போய்ச் சிரி.

உள்ளே போனதும் ‘கேஸ் என்ன ஆச்சு?’ என்று ஆரம்பிக்காதே. நாள் முழுக்க அந்தக் கேள்விதான் அவனைத் தின்றுகொண்டிருக்கிறது. ‘மச்சான், இண்டைக்கு என்ன சாப்பாடு தந்தவங்கள்? நல்லாவே இருந்தது?’ என்று கேள். அறையில் தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது என்று சொல். மாட்ச்சில் யார் சதம் அடித்தார் என்று சொல். அவன் வேலை பார்த்த கடை முதலாளி விசாரித்தார் என்று சொல். கோப்பு எண்ணாகப் போனவனை அரை மணி நேரம் மனுஷனாக உட்கார வை. அம்மாவுக்கு என்ன சொல்வது என்று அவனே முடிவு செய்யட்டும். நீயாக ஊருக்குப் போன் போட்டுக் கிழவியை மயக்கம் போட வைக்காதே.

போக முடியாத தூரமா? வாரத்தில் ஒரு நாள், ஒரு நேரம் குறித்துக்கொள். ஞாயிறு ஆறு மணி என்றால் ஆறு மணி. கல்யாண வீட்டில் இருந்தாலும் வெளியே வந்து போனை எடு. அவன் வாரம் முழுவதையும் அந்த ஆறு மணியில்தான் மாட்டி வைத்திருக்கிறான்.

சத்தம் போடு, அவனைக் கேட்டுப் போடு

பெரூஸ் பூச்சானி என்ற ஈரானியக் குர்து பத்திரிகையாளரை 2013-இல் மானுஸ் தீவு முகாமில் கொண்டுபோய் வைத்தது ஆஸ்திரேலியா. அவர் கையில் ஒரு போன். பாரசீக மொழியில் வாட்ஸ்அப் செய்தி செய்தியாக ஒரு புத்தகத்தையே எழுதி அனுப்பினார். வெளியே இருந்தவர்கள் அவற்றைச் சேர்த்து வைத்தார்கள். ஓமிட் டோஃபிகியன் ஆங்கிலத்தில் பெயர்த்தார். 2018-இல் புத்தகம் வந்தது. 2019 ஜனவரியில் அதற்கு விக்டோரியா மாநிலத்தின் பெரிய இலக்கியப் பரிசு கிடைத்தது. பரிசு வாங்க ஆசிரியரால் அந்த நாட்டுக்குள் கால் வைக்க முடியவில்லை! அதே ஆண்டு நவம்பரில் அவர் நியூசிலாந்து போய்ச் சேர்ந்தார். எழுதியவருக்குத் திறமை இருந்தது. அந்தத் திறமை கடல் தாண்ட, மறுமுனையில் போனைக் கீழே வைக்காத ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

நீயும் குரல் கொடு. தொகுதி எம்.பி.க்கு எழுது. வானொலிக்குப் பேசு. ஆனால் ஒரு வார்த்தை அவனைக் கேள், ஒரு வார்த்தை லோயரைக் கேள். ஊரில் உயிருக்கு ஆபத்து என்று சொல்லி அகதி மனு போட்டவனின் படத்தையும் கதையையும் நீ பேஸ்புக்கில் போட்டால் அது யார் கண்ணில் படும் என்று யோசி. அவன் தாயும் தங்கையும் இன்னும் அதே ஊரில்தானே இருக்கிறார்கள்? அப்படிப்பட்டவனுக்காக அவனுடைய நாட்டுத் தூதரகத்தின் கதவையும் தட்டாதே!

அதே நேரம், மலேசியாவுக்கு வேலைக்குப் போய், பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைத்துக்கொள்ள, பெர்மிட் இல்லாமல் குடிநுழைவுத் தடுப்பு முகாமில் கிடக்கிற தமிழ்நாட்டுப் பையனின் கதை வேறு. அவனுக்கு வேண்டியது ஊர் திரும்பும் வழி. அவனுக்காக இந்தியத் தூதரகத்தைத்தான் முதலில் தட்ட வேண்டும். பாஸ்போர்ட் இல்லாதவன் ஊர் திரும்ப அவசரச் சான்றிதழ் தருவது அவர்கள்தான். சென்னையில் அயலகத் தமிழர் நலனுக்கென்றே அரசுத் துறை இருக்கிறது. அங்கேயும் மனுப் போடு. எவனுக்கு எந்தக் கதவு என்று தெரிந்து தட்டு!

நீ விழாதே!

இது ஒரு நாள் ஆவேசத்தில் முடிகிற காரியம் இல்லை. முதல் வாரம் பத்துப் பேர் வருவார்கள். மூன்றாவது மாதம் நீ மட்டும் நிற்பாய். அதற்கு இப்போதே தயாராகு. தனி ஆளாய்ச் சுமக்காதே. ஒருத்தன் போன், ஒருத்தி மொழிபெயர்ப்பு, ஒருத்தர் வண்டி, ஒருத்தர் சீட்டுப் பணத்தில் கொஞ்சம் என்று பிரித்துக் கொடு. செய்ய முடியாததை வாக்குக் கொடுக்காதே. ‘அடுத்த மாதம் வெளியே வந்துவிடுவாய்’ என்று வாய்க்கு வந்ததைச் சொல்லாதே. ‘அடுத்த ஞாயிறு வருவேன்’ என்று சொல், வா.

ஒரு நாள் அவன் ‘செத்தாலே நிம்மதி’ என்பான். அதை ரகசியமாக வைக்காதே. முகாம் வைத்தியருக்கும் லோயருக்கும் அந்த நிமிடமே தெரியப்படுத்து. எழுத்தில் தெரியப்படுத்து. அவன் கோபித்தால் கோபிக்கட்டும், உயிரோடு இருந்து கோபிக்கட்டும்!

மாறவே மாறாது என்றார்களே!

2004-இல் ஆஸ்திரேலியாவின் தலைமை நீதிமன்றம், அனுப்ப ஒரு நாடு இல்லாதவரைக்கூடக் காலவரையின்றி அடைத்து வைக்கலாம் என்றது. முடிந்தது கதை என்றார்கள். 2023 நவம்பர் 8 அன்று அதே நீதிமன்றம், அனுப்பும் வாய்ப்பு கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லாதவரை அடைத்து வைக்க முடியாது என்று சொல்லிவிட்டது. பத்தொன்பது வருடச் சுவர் ஒரே நாளில் விழுந்தது!

கனடாவை நோக்கிப் போன படகு தத்தளித்து, 2021 அக்டோபரில் டியேகோ கார்சியா என்ற ராணுவத் தீவில் கரையேறிய தமிழர்களை மூன்று வருடம் கூடாரங்களில் வைத்தது பிரிட்டன். எலிகளோடு படுத்தார்கள். யாருக்குத் தெரியும் அந்தத் தீவை? தெரிய வைத்தார்கள். அது சட்டவிரோதக் காவல் என்று 2024 டிசம்பரில் நீதிபதி தீர்ப்பு எழுதினார். அதே மாதத்தில் அவர்களில் பெரும்பாலோர் பிரிட்டன் மண்ணில் இறங்கினார்கள்.

இதெல்லாம் வெளிநாட்டுச் சங்கதி என்று தமிழ்நாட்டில் இருப்பவர்கள் கை கழுவ வேண்டாம். திருச்சியில் சிறப்பு முகாம் இருக்கிறது. வெளிநாட்டவர் என்ற காரணத்தால் அங்கே அடைபட்டு, வெளியே விடுங்கள் என்று உண்ணாவிரதம் இருந்தவர்களில் நம் மொழி பேசும் ஈழத் தமிழர்களும் உண்டு. பிலோயிலாவில் மொழியும் நிறமும் வேறான மக்கள் ஒரு தமிழ்க் குடும்பத்துக்காக நாலு வருடம் நின்றார்கள். பக்கத்து ஊரில் நிற்க நமக்கு என்ன தடை?

உன் நண்பனின் கேஸ் ஜெயிக்கலாம், தோற்கலாம். அது உன் கையில் இல்லை. அவன் தனியாகத் தோற்க மாட்டான் என்பது முழுக்க முழுக்க உன் கையில் இருக்கிறது. அதிகாரி ‘வெளியே உனக்கு யார் இருக்கிறார்கள்?’ என்று கேட்கும்போது, அவன் தலை நிமிர்ந்து உன் பெயரைச் சொல்ல வேண்டும். உன் போன் நம்பரை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். அந்தப் பெயருக்கு உரிய ஆளாக எழுந்து நில்!

ஃபைலை எடு. நம்பரைப் போடு. இன்றைக்கே போடு!